சொந்தக்காரங்க

கேட்டுக்கு அங்கிட்டே நில்லு தாயி. கழுத்துல தொங்குற அட்டையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. காலேஜு. ஆராய்ச்சி. கையில சிலேட்டு மாதிரி ஒண்ணு வச்சிருக்கல்ல, போன தடவை வந்ததுகளும் அதையேதான் தூக்கிட்டு வந்துச்சுக. அதுல விரலை வச்சு நாலு தடவு தடவிட்டுப் போச்சுக, அன்னைக்குப் போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பி வரல.

சரி சரி, மொகத்தை அப்படி வைக்காத. வெயிலு மண்டையைப் பொளக்குது, உள்ள வா. அந்த ஸ்டூல்ல உக்காரு, ஃபேனைப் போடுறேன். ஆனா நீ ஒண்ணும் கேக்கக் கூடாது. கேக்க வேண்டியதை எல்லாம் உங்காளுக ஏற்கெனவே கேட்டுட்டாங்க. இப்ப நான் பேசுறேன், நீ கேளு. எம்புட்டு நாளா உன்னைய எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? லீவுக்குப் பெத்த புள்ள வருதுன்னு காத்திருக்கிறவகூட இப்படிக் காத்திருக்க மாட்டா. எனக்குப் புள்ளைகுட்டி இல்ல, அது வேற கதை.

என் பேரு சௌந்தரவல்லி. இந்தக் காம்பவுண்டு என்னுது. நல்லாப் பாத்துக்க. கீழ ரெண்டு போர்ஷன், மேல ரெண்டு, ஓரமா நான் இருக்கிற இந்த ஒத்தை ரூமு. எம் புருஷன் பார்சல் ஆபீஸ்ல வேலை பாத்துக் கட்டுன வீடு. செங்கல் லோடு வந்து எறங்குன அன்னைக்குச் சித்தாள் வரல, நானே தலையில சுமந்து உள்ள அடுக்குனேன். கழுத்து இன்னும் ஒரு பக்கம் திரும்பாது. இந்தா, இந்தப் பக்கம். இதெல்லாம் உங்க சிலேட்டுல கேக்க மாட்டாங்க.

என்ன? இரு, இரு. அதை அப்புறம் கேளு.

இந்தத் தெருவே நத்தம். நத்தம்னா உனக்குச் சொல்லணுமா, நிலத்தைப் பத்தித்தான படிக்கிற. ஊரு உண்டான காலத்துல இருந்து குடியிருக்கிறதுக்குன்னு விட்ட எடம். யாரு வீடு கட்டி அனுபவிக்கிறாங்களோ அவங்களுக்குப் பாத்தியதை. பட்டா கிடையாது. பட்டாவை யாரும் கேட்டதும் கிடையாது. வரி கட்டுனோம், கரண்டு பில்லு கட்டுனோம், நிம்மதியா இருந்தோம்.

வரின்னதும் ஞாபகம் வருது. வீட்டை வாடகைக்கு விட்டா வரி கூட, சொந்தத்துக்கு வச்சுக்கிட்டா கம்மி. அவரு போய்ச் சேந்தப்புறம் மாநகராட்சிக்காரன் வந்து நிக்கிறான். யாரும்மா இவங்கெல்லாம், வாடகையான்னு கேக்கிறான். ஒத்தைப் பொம்பள நான் என்ன செய்வேன்? "இல்லய்யா, எல்லாம் எங்க சொந்தக்காரங்க"ன்னேன். எழுதிக் குடுங்கன்னான். எழுதிக் குடுத்தேன். இதுல என்ன தப்பு? இந்தத் தெருவுல அப்படி எழுதிக் குடுக்காதவ யாரு, கையைத் தூக்கச் சொல்லு பாப்போம்.

அதுல இருந்து யாரு குடி வந்தாலும் அட்வான்ஸ் வாங்குறப்பவே சொல்லிருவேன். எவன் வந்து கேட்டாலும் வாடகைங்கிற வார்த்தை வாயில வரக் கூடாது. நாங்க சொந்தக்காரங்க. அம்புட்டுத்தான். மொறையும் நானே பிரிச்சுக் குடுத்துருவேன். கீழ இருக்கிற ஜெயராணி என்னை அத்தைன்னு கூப்பிடணும். பக்கத்துப் போர்ஷன்காரி பெரியம்மா. மாடியில ஒருத்தி மதினி, இன்னொரு வீட்டுல சித்தி. எல்லாருமே அத்தை அத்தைன்னா வரிக்காரனுக்குச் சந்தேகம் வரும்ல? அந்தச் சித்தி வீட்டு ஆம்பளைக்கு என்னைவிட வயசு கூட இருக்கும், மண்டையில ஒரு முடி கறுப்பு கிடையாது. அவனும் சித்தி சித்திம்பான். வரிக்காரன் மொகத்தைப் பாக்கணுமே!

சிரிக்கிறியா? சிரி. நானும் அப்பல்லாம் சிரிச்சவதான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்காளுக வந்துச்சுக. நாலு புள்ளைக, இதே அட்டை, இதே சிலேட்டு. நகர வளர்ச்சி, நில உரிமைன்னு என்னமோ நீளமாச் சொல்லுச்சுக. வெளிநாட்டுல இருந்து பெரிய நிதி வந்திருக்காம் இதுக்கு. எங்க தெருவுல யாரு எந்த ரூமுல படுத்திருக்கான்னு தெரியாம அவிங்களுக்கு அங்க சோறு எறங்கலையாக்கும்! அம்புட்டுப் பணத்தை வச்சு அந்தச் சாக்கடைக்கு ஒரு மூடி போட்டுக் குடுத்திருக்கலாம்ல? கேட்டேன். "அது எங்க ஸ்கோப்ல இல்ல பாட்டி"ன்னுச்சு ஒண்ணு. பாட்டியாம்ல.

எங்காளுக மாநகராட்சியில இருந்துதான் வந்திருக்காங்கன்னு நெனைச்சுட்டாங்க. நானும்தான் நெனைச்சேன். ஒரு புள்ள ஜெயராணி வாசல்ல நின்னு, வாடகைக்கு இருக்கீங்களான்னு கேட்டுச்சு. அவ சொன்னா பாரு, சொல்லிக் குடுத்த மாதிரியே. "இல்லைங்க, நாங்க சொந்தக்காரங்க." நான் இங்க இருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நல்லாச் சொன்னாடின்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். மாடியிலயும் அதே பதிலு. அப்புறம் என்கிட்ட வந்து, எல்லாரும் சொந்தக்காரங்களாங்கன்னு கேட்டுச்சு. ஆமா, எல்லாரும் சொந்தக்காரங்கதான்னு அடிச்சுச் சொன்னேன். வெயில்ல வந்த புள்ளைகளேன்னு எலுமிச்சம்பழம் புழிஞ்சு சர்க்கரை போட்டு வேற குடுத்தேன், என் புத்தியை எதால அடிக்கிறது?

அந்தப் புள்ள என்ன போட்டுருக்கு தெரியுமா? வீட்டுக்குச் சொந்தக்காரங்கன்னு போட்டுருக்கு! நாலு போர்ஷனுக்கு நாலு ஓனரு!

ஏந்தாயி, நான் கேக்கிறேன். மதுரையில எவனாச்சும் வீட்டு ஓனரைச் சொந்தக்காரன்னு சொல்லுவானா? ஹவுஸ் ஓனருன்னா ஹவுஸ் ஓனரு. சொந்தக்காரன்னா யாரு? கல்யாணத்துல மொதப் பந்தியில உக்காந்து தின்னுட்டு, சாம்பாருல உப்பு இல்லன்னு சொல்லிட்டுப் போறவன். பால்வாடிக்குப் போற புள்ளைக்குத் தெரியும் இது. உங்களுக்கு மட்டும் ஏன் தெரியல? எழுத்துத் தமிழ்ல அப்படித்தான் அர்த்தமாம், உங்க வாத்தியாரு எனக்குப் பாடம் எடுக்கிறாரு. எழுத்துல இருக்கட்டும்யா, இங்க எழுத்தா குடியிருக்கு?

அவரைத்தான் பாக்கப் போனேன். நாகேந்திரன்னு பேரு, உங்க பெரிய ப்ரொபசரு. ஆனா அதுக்கு முந்தி தாலுகா ஆபீஸ் கதையைக் கேளு.

நத்தத்துக்கெல்லாம் பட்டா குடுக்கப் போறாங்கன்னு வார்டு ஆபீஸ் சுவத்துல பேரு ஒட்டியிருந்தாங்க. ஜெயராணிதான் மொதல்ல பாத்துட்டு ஓடி வந்தா. "அத்தை, நம்ம வீட்டுக்கு எங்க பேரையெல்லாம் போட்டிருக்காங்க, உங்க பேரைக் காணோம், என்னன்னு போய்க் கேளுங்க"ன்னா. மொகத்தைப் பாவம் போல வச்சுக்கிட்டு. எனக்கா தெரியாது? உள்ளுக்குள்ள சந்தோசத்துல ரயிலு ஓடியிருக்கும். இல்லாட்டி வேலையை விட்டுட்டு எதுக்கு மூச்சிரைக்க ஓடி வரணும்கிறேன்.

தாலுகா ஆபீஸ்ல அந்த அதிகாரி சொல்றான், காலேஜ் ஆய்வை வச்சுத்தாம்மா பேரு போட்டிருக்கோம், நாலு பேரும் சொந்தக்காரங்கன்னு இருக்கேங்கிறான். "சொந்தக்காரங்கதான்யா, ஆனா சொந்தக்காரங்க இல்ல"ன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பாத்தான். "அப்ப வாடகைக்கு இருக்காங்களா?"ன்னான். வாய் வரைக்கும் வந்துருச்சு தாயி, ஆமான்னு. அதுக்குள்ள அவனே சொல்றான்: "வாடகைன்னா மாநகராட்சிக்கு நீங்க எழுதிக் குடுத்தது பொய்யாயிருமேம்மா? இத்தனை வருச வரியையும் மொத்தமாக் கட்டச் சொல்லிருவாங்களே?" வாயை மூடிக்கிட்டேன். காலேஜ்ல போய்ப் பேசுங்க, அவங்க ஆய்வைத் திருத்திக் குடுத்தா நாங்களும் திருத்துறோம்னு அனுப்பிட்டான்.

போனேன். உங்க ப்ரொபசரு ரூமு இருக்கே, அப்பா! ஏசி என்ன, சுத்துற சேரு என்ன. நல்லா மரியாதையாத்தான் பேசுனாரு, சும்மா சொல்லக் கூடாது. டீ வாங்கிக் குடுத்தாரு. வாடகைங்கிற வார்த்தையை மட்டும் விட்டுட்டு நடந்ததைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அம்மா, அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு, கணக்கை மூடியாச்சு"ங்கிறாரு. "திருத்தணும்னா மறுபடி ஆள் அனுப்பிக் கேக்கணும். அதுக்குத் தனியா நிதி வேணும்மா. விண்ணப்பம் போட்டிருக்கோம், வந்தா வருவோம்."

தப்புப் பண்றதுக்கு நிதி வந்துச்சு, திருத்துறதுக்கு வரலையாய்யான்னு கேட்டேன். சிரிக்கிறாரு. "நல்ல கேள்வி"ங்கிறாரு. நான் என்ன அங்க பரிச்சையா எழுத வந்தேன்?

போறப்ப ஒரு புத்தகத்தைக் குடுத்தாரு. வழவழன்னு, கலரு போட்டோ போட்டு. அட்டையைப் பாத்தேன், உங்காளுக வந்தப்ப எடுத்த போட்டோ. என் வாசலு. என் கதவு. அந்த வருசப் பொங்கலுக்கு நான் பெயிண்ட் வாங்கி அடிச்ச கதவு. அதுல சாஞ்சுக்கிட்டு ஜெயராணி சிரிக்கிறா, கையில தைக்கிற நைட்டியோட. கீழ எழுதியிருக்கு, "உரிமை தரும் நம்பிக்கை." உரிமையாம்! வெள்ளாவியில வச்சு வெளுத்த மாதிரி அவ பல்லு தெரியுது. நான் எங்கன்னு தேடுறேன், தேடுறேன், ஓரத்துல ஒரு முழங்கை தெரியுது. என் முழங்கைதான். வளையலை வச்சுக் கண்டுபிடிச்சேன்.

அன்னையில இருந்து நான் ஒருத்திகிட்டயும் மொகம் குடுத்துப் பேசல. மோட்டாரை நான் நெனைச்சப்பத்தான் போடுவேன். மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டேன், துணி காயப் போட எங்கிட்டாச்சும் போங்கன்னேன். ஜெயராணி புருஷன் மலைச்சாமி ஷேர் ஆட்டோ ஓட்டுறான், அதைக் காம்பவுண்டுக்குள்ள விடக் கூடாதுன்னுட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே அவன்! கேக்கல. வண்டியைத் தெருமுனையில விட்டுட்டு நடந்து வர்றான். எம்புட்டுத் தந்திரம் பாரு.

அவ அதுக்கு மேல. வாடகையை ஒண்ணாந்தேதி விடியங்காட்டியும் கொண்டு வந்து வைக்கிறா. முந்தியெல்லாம் நாலஞ்சு நாள் இழுப்பா. இப்ப எதுக்கு இந்த அவசரம்? நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா, பாத்தீங்களா நான் எம்புட்டு ஒழுங்குன்னு காட்டத்தான். "அத்தை, நாங்க வாடகைதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றோம், நீங்க கொண்டு போய்க் குடுங்க"ன்னும் சொன்னா. பாத்தியா, என்னைய வரிக்காரன்கிட்ட மாட்டிவிடப் பாக்கிறா. இந்தப் பழம் பழுத்து எந்தப் பக்கம் விழுந்தாலும் அவ மடியிலதான் விழணும்னு கணக்கு.

போன வருசம் எனக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணாங்க. கூட இருந்தது அவதான், இல்லங்கல. வேளா வேளைக்குச் சொட்டு மருந்து ஊத்துனா, தலைக்குத் தண்ணி படாமத் துடைச்சு விட்டா, தையலைப் போட்டுட்டு வந்து கஞ்சி வச்சுக் குடுத்தா. நான் கேக்கிறேன், எவளாச்சும் சும்மா செய்வாளா? கண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறப்ப பீரோ எங்க இருக்கு, சாவி எங்க இருக்குன்னு அளந்திருப்பா. ஒண்ணும் காணாமப் போகலதான். போகல, அதைத்தான் சொல்றேன். சின்னதை எடுக்கிறவளா அவ? வீட்டையே எடுக்கப் போறவ.

இரு தாயி, முடிச்சுர்றேன். என்னத்தையோ அந்தச் சிலேட்டுல தேடிக்கிட்டே இருக்க. நான் சொல்றதைக் கேளு.

மாசத்துக்கு ரெண்டு நடை காலேஜுக்குப் போவேன். ஐயா, பணம் வந்துருச்சான்னு. வரலம்மா. ஐயா, இப்ப? பரிசீலனையில இருக்கும்மா. வாட்ச்மேனுக்கு என்னைய நல்லாத் தெரிஞ்சுபோச்சு. "உங்க நிதி இன்னும் வரலையா?"ன்னு கேக்கிறான். அவன் நான் ஏதோ பென்ஷனுக்கு அலையிறேன்னு நெனைச்சிருக்கான். மீனாட்சியம்மனுக்கு வெள்ளி தவறாம நெய்விளக்குப் போட்டேன். என்னான்னு வேண்டுனேன் தெரியுமா? தாயே, அந்த ப்ரொபசருக்கு வெளிநாட்டுக்காரன் பணம் அனுப்பணும். எம் புருஷன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட அப்படி உருகல நான். அர்ச்சனைத் தட்டை நீட்டுறேன், யாரு பேருக்கு, என்ன நட்சத்திரம்னு ஐயரு கேக்கிறாரு. நாகேந்திரன்னேன். நட்சத்திரம் தெரியாதுன்னேன். மகனாம்மாங்கிறாரு. ஆமான்னு சொல்லித் தொலைச்சேன். என்ன செய்றது, வாயில அதுதான் சட்டுன்னு வருது.

போன மாசம் அவரே போன் பண்ணாரு. "அம்மா, நிதி ஒதுக்கிட்டாங்க. ரெண்டாம் கட்ட ஆய்வு. உங்க தெருவுக்குத்தான் மொதல்ல ஆள் அனுப்புறேன்"ன்னாரு. நான் போனைக் கையில வச்சுக்கிட்டே அழுதுட்டேன். ஜெயராணி எட்டிப் பாத்து, என்ன அத்தைன்னு கேட்டா. ஒண்ணுமில்ல போடின்னேன். உன் ஆட்டம் முடிஞ்சுதுடின்னு நெனைச்சுக்கிட்டேன்.

இப்ப நீ வந்துட்ட. வந்தாச்சு. இந்தா பாரு, நான் ராப்பகலா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். மொதல்ல, "வந்து தங்கியிருக்காங்க"ன்னு போடச் சொல்லலாம்னு பாத்தேன். வாடகையும் இல்ல, சொந்தமும் இல்ல. ஆனா வேணாம். போதும் பொய்யி. வாடகைன்னே போடு. வாடகைக்கு இருக்காங்க, நான் ஓனரு, வாடகை வாங்குறேன். வரிக்காரன் வரட்டும். கையில கெடக்கிற வளையலை வித்துக் கட்டுறேன். இத்தனை வருசத்துல இந்த வார்த்தையை ஒருத்தர்கிட்ட இன்னைக்குத்தான் வாயைத் தொறந்து சொல்றேன். போடு. விரலை வை.

என்ன?

திருத்த முடியாதா? ஏன் முடியாது? அதுக்குத்தான பணம் வந்திருக்கு?

மெதுவாச் சொல்லு, எனக்குப் புரியல. பழைய ஆய்வுல தப்பு, அதைத் திருத்தணும்னு கேட்டா யாரும் நிதி குடுக்க மாட்டாங்களா? அதுசரி, எவன் குடுப்பான். அதனால? அதனால ப்ரொபசரு வேற மாதிரி எழுதிக் கேட்டாரு. எப்படி? "நில உரிமை கெடைச்ச குடும்பங்கள் வாழ்க்கையில என்ன முன்னேற்றம்." அதுக்கா குடுத்திருக்காங்க? அப்ப, போன தடவை யாரு யாரு ஓனருன்னு எழுதுனீங்களோ அவங்களை மட்டும்தான் பாப்பியா?

அட, நான் இம்புட்டு நேரம் யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?

இல்ல, நீ சொல்ல வந்த, நான்தான் விடல. ஒப்புக்கிறேன். அழுகாத, ஒன்னைய என்ன திட்டுறது. உனக்கும் அவரு சொல்றதுதான் வேலை. நகரு, அந்தச் சிலேட்டைக் காட்டு. கண்ணாடி போடாட்டியும் தெரியும், அதான் ஆபரேஷன் பண்ணியிருக்கேன்ல. இது எங்க கதவு நம்பரு. "வீட்டு உரிமையாளர், ஜெயராணி." சரி. "கணவர், மலைச்சாமி." சரி. இது என்ன அடியில? என் பேரு மாதிரி இருக்கு.

"உடன் வசிப்பவர், சௌந்தரவல்லி. உறவு, அத்தை."

இதை யாரு சொன்னது? நானா? நான்தான் சொல்லியிருப்பேன். அந்தப் புள்ள கேட்டப்ப, எனக்கென்னத்தா, ஒத்தைக் கட்டை, இவங்களோட ஒரு ஓரமா இருக்கேன்னேன். எரக்கப்பட்டு வரியைக் கம்மியாப் போடுவாங்கன்னு சொன்னேன்.

ஆக நீ என்னைய எதுவும் கேக்கக் கூடாது. கூட இருக்கிறவங்ககிட்டக் கேக்கிறதுக்கு நிதி கிடையாது. அவகிட்டத்தான் கேக்கணும், அவ சம்மதம் வாங்கித்தான் இந்த வீட்டுக்குள்ளயே வரணும். அதான் வந்ததுல இருந்து எதையோ கேக்க வாயத் தொறந்து தொறந்து மூடுன. அவ இருக்காளான்னு கேக்க வந்த.

இருக்கா. உள்ளதான் தச்சுக்கிட்டு இருக்கா, மிஷின் சத்தம் கேக்கல? நீ உக்காரு, எந்திரிக்காத. நானே கூப்பிடுறேன்.

ஜெயராணி! ஏ ஜெயராணி! மிஷினை நிறுத்திட்டு வெளிய வா.

உன் வீட்டுக்கு ஆளு வந்திருக்கு.